ஏழரை மணிப் பிரார்த்தனை

சோம்பா,
நவம்பர் முதல் வாரம்.

தியாமிகேயின் அப்பாவுக்கு,

நானும் குழந்தை தியாமிகேயும் நலம். நீங்களும் அங்கே நலமாயிருக்க வேண்டுகிறேன். ஜோகன்னஸ்பர்க் போகும் பஸ் டிரைவரிடம் இந்தக் கடிதத்தோடு ஒரு பொட்டலம் உசிபாக் கருவாடும் கொடுத்தனுப்புகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் பாதி கேட்டதுமே வேலையை விட்டுவிடு என்பீர்கள். முழுதாகப் படியுங்கள்.

குழந்தைக்கு இரண்டு பல் முளைத்துவிட்டது. ரெஹேமா அக்காவின் தோளைத்தான் கடித்துப் பழகுகிறாள். நான் இரவு வேலைக்குப் போகும்போது பக்கத்து வீட்டிலிருந்து அவர் வந்து பார்த்துக்கொள்வது உங்களுக்குத் தெரியும். நான் சொல்லாமல் வைத்திருந்தது வேறு. ஏரியிலிருந்து மீன் லாரி எட்டரைக்கெல்லாம் சந்தைக்கு வந்துவிடும். அதற்குள் போனால்தான் அவருக்கு விற்கிற மாதிரி மீன் கிடைக்கும். நானோ வீடு சேரப் பத்து மணியாகிவிடும். இந்த மாதத்தோடு வேறு ஆள் பார்த்துக்கொள் என்று, கோபமில்லாமல்தான், சொல்லிவிட்டார். வேறு ஆள் ஏது? வேலை போய்விடும் என்றே முடிவு செய்திருந்தேன்.

பிரசவ வார்டில் காலை ஏழரைக்குக் கூட்டம். இரவு நடந்ததைச் சொல்லி, ஒவ்வொரு தாயையும் பகல் நர்சிடம் ஒப்படைத்த பிறகே நான் கிளம்பலாம். கூட்டம் பிரார்த்தனையோடு தொடங்க வேண்டும். அதைத் தலைமை நர்ஸ் திருமதி நியிரெண்டாதான் தொடங்க வேண்டும். அவர் பிள்ளைகளைத் தனியார் பள்ளியில் இறக்கிவிட்டு, காரில் நிதானமாக வருவார். வந்து ஒவ்வொருவருக்கும் கைகொடுத்து வீட்டு நலம் விசாரிப்பார். பிறகு இன்னொருவர் வருவார். மறுபடி கைகொடுப்பு, மறுபடி முதலிலிருந்து. மினிபஸ் கிடைக்காமல் துப்புரவுப் பெண் பிந்தினால் மட்டும் அரை நாள் விடுப்பு எழுதிவிடுவார்கள். ஓட்டலில் படிப்பணம் கொடுத்து நடத்தும் பயிற்சிக் கூட்டங்களுக்கு இவர்களில் ஒருவரும் பிந்தி நான் பார்த்ததில்லை. கடிகாரம் பார்க்க எல்லோருக்கும் தெரியும். காத்திருப்பது யார் என்று பார்த்துத்தான் பிந்துகிறார்கள்.

போன செவ்வாய்க்கிழமை எட்டு மணியாகியும் பகல் நர்ஸ் தோவேராவும் நானும் மட்டும் உட்கார்ந்திருந்தோம். பால் கட்டி வலித்தது, சீருடை நனைந்துவிட்டது. நான்காவது கட்டிலில் இருந்த தங்கைக்குத் துணையாக வந்திருந்த எஸ்னாத் அதைப் பார்த்துவிட்டார். சில்வா ஏரிப் பக்கத்துக்காரர், வாய் சும்மா இருக்காது. எதற்குக் காத்திருக்கிறாய் என்றார். பிரார்த்தனைக்கு என்றேன்.

"ஏன், உங்க பெரிய நர்சம்மா வந்தாத்தான் கடவுளும் எந்திரிப்பாராக்கும்? நான் பாடுறேன். நீ புள்ளைகிட்ட போற வழியப் பாரு."

சொன்ன கையோடு பாடவே தொடங்கிவிட்டார். வெளியே கஞ்சி கிண்டிக்கொண்டிருந்த மற்றத் துணைக்காரப் பெண்களும் அகப்பையோடு வந்து சேர்ந்துகொண்டார்கள். ஆமென் சொன்ன பிறகு காத்திருக்க என்ன இருக்கிறது? கட்டில் கட்டிலாகத் தோவேராவிடம் ஒப்படைத்தேன். பாவம், அவள் வாசலை வாசலைப் பார்த்தாள். ஆனாலும் கையெழுத்துப் போட்டாள்.

கடைசிக் கட்டிலில் நிற்கும்போது திருமதி நியிரெண்டா வந்தார். யாரைக் கேட்டுத் தொடங்கினாய் என்றார். பதில் எஸ்னாத்திடமிருந்து வந்தது.

"நான்தாம்மா தொடங்குனேன். சாமி கும்புடக் கூடாதுன்னு எங்கயாச்சும் எழுதியிருக்கா? இருந்தா வாசிங்க, நாங்களும் கேட்டுக்கிறோம்."

நம் நாட்டில் பிரார்த்தனையை நிறுத்து என்று சொல்ல எந்த அதிகாரிக்குத் தைரியம் வரும்? என்னிடம் விளக்கம் கேட்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். இன்றுவரை கேட்கவில்லை.

மறுநாளிலிருந்து அந்தப் பெண்களே ஏழரைக்குப் பாடத் தொடங்கிவிடுகிறார்கள். பிரார்த்தனை நடுவில் கைகொடுக்க முடியாதே. பிந்தி வருகிறவர் ஆமென் வரும்வரை வாசலில் தலைகுனிந்து நிற்க வேண்டியதுதான், வார்டே பார்க்க. திருமதி நியிரெண்டா இரண்டு காலை அப்படி நின்றார். மூன்றாம் நாள் பாட்டுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். நேரத்துக்கு வந்தவருக்குக் கஞ்சி உண்டு என்று எஸ்னாத் ஒரு கோப்பையை நீட்ட, அவரும் வாங்கிக் குடித்தார்.

எஸ்னாத் நேற்றுத் தங்கையையும் பிறந்த பையனையும் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். வாசல் வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டே போனேன். பாட்டை இப்போது இரண்டாம் கட்டில்காரியின் அத்தை பார்த்துக்கொள்கிறார். நான் நேரத்தோடு வீடு சேர்ந்துவிடுவதால் ரெஹேமா அக்கா நல்ல மீனாகப் பார்த்து எடுக்கிறார். வேறு ஆள் பேச்சே இல்லை. தினமும் தூங்கப் போகுமுன் இவர்கள் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கடவுளுக்கு நன்றி சொல்கிறேன்.

ஈஸ்டருக்கு வருவதாகச் சொன்னீர்கள், பிறகு ஜூலைக்கு என்றீர்கள். அங்கே உங்களையும் யாரோ காக்கவைக்கிறார்கள், எனக்குத் தெரியும். இவ்வளவு நாள் ஏன் என்று நான் கேட்க மாட்டேன். இரண்டு பல்லோடு இருக்கும்போதே ஒருமுறை அவளைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். கடவுள் உங்களுக்கு வழித்துணையாக இருக்கட்டும்.

உங்கள்
தமாந்தா