கொடிக்கயிற்றின் சாய்வு

நேற்று வீடு கூட்ட அலுமாரிக்குப் பின்னால் தும்புத்தடியைத் தேடியபோது அந்த ஏழாம் இலக்க கோல்ஃப் மட்டை கையில் தட்டுப்பட்டது. வெள்ளவத்தைக் கடற்காற்று எதைத்தான் விட்டுவைத்தது? தண்டு முழுக்கத் துரு. பிடியின் ரப்பர் இளகி உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. அந்த ரப்பர் வாசத்தோடு மொட்டை மாடி வந்தது, ஈரத்துணி வாளியோடு நீயும் வந்தாய்.

உனக்கு அந்த விளையாட்டின் மேல் மரியாதையே கிடையாது. "பந்தைத் துலைச்சுப்போட்டுத் தேடுறதுக்குக் கம்பனி மெம்பர்ஷிப் எடுத்துக் குடுக்குதே?" என்பாய். வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு சனிக்கிழமைகளில் விளையாட ஆள் வேண்டும் என்று மனேஜர் என்னைப் பிடித்துவிட்டார். மற்றவர்களின் பந்து நேரே போகும். என்னுடையது வலப்பக்கம் வளைந்து பற்றைக்குள் ஒளிந்துகொள்ளும். தோள் திரும்பவில்லை, மட்டை பாதி வழியில் நின்றுவிடுகிறது என்று பயிற்றுநர் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போனார்.

நீயோ ஆஸ்பத்திரியில், கால் முறிந்து வருகிறவர்களைத் திரும்ப நடக்க வைக்கிறவள். ஒரு பின்னேரம் துணி காயப்போட வந்து, நான் மட்டை வீசிப் பழகுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாய். சிரிக்கப் போகிறாய் என்று நினைத்தேன்.

"இஞ்சாருங்கோ, நீங்கள் பந்தடிக்கேல்ல. செக்பொயின்ற்ல நிக்கிறியள்."

சுருக்கென்றது. ஆனால் உண்மை. சண்டைக் காலம், பாலத்தடி இராணுவச் சாவடியில் நாளாந்தம் அடையாள அட்டையை நீட்டிப் பழகிய உடம்பு அது. பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று அட்டையில் இருக்கும். முழங்கை விலாவோடு ஒட்டியிருக்க வேண்டும், கை அவர்கள் கண்ணில் படவேண்டும், சடக்கென்று எதையும் தூக்கக்கூடாது. யாரும் சொல்லித்தராமலே கொழும்பில் நம் ஆட்களுக்கு வந்து சேர்ந்த பழக்கம். புல்வெளியில் சாவடி இல்லை என்பது என் தோளுக்குத் தெரியவில்லை.

"குனியிறது வேற, கூனிப்போறது வேற," என்றாய். உன் நோயாளிகளுக்குச் சொல்கிற அதே வசனம். இடுப்பில் மடங்கவேண்டும், முதுகு நேராக இருக்கவேண்டும், கழுத்தைத் தொங்கப்போடக் கூடாது. பிறகு கொடிக்கயிற்றை அவிழ்த்து என் வலப்பக்கத்தில் சாய்த்துக் கட்டினாய். மேல்முனை எனக்குப் பின்னால் தண்ணீர்த்தாங்கிக் குழாயில், கீழ்முனை முன்னால் சுவரடியில். மட்டை அந்தச் சாய்விலேயே ஏறி அந்தச் சாய்விலேயே இறங்க வேண்டும். "கயித்தைப் பாருங்கோ. ஆர் பாக்கினம் எண்டு பாக்காதேங்கோ." அதன்பிறகு நம் வீட்டுத் துணியெல்லாம் வழுக்கி வந்து ஒரு மூலையில் குவிந்து கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரி கேட்டால், "அவர் பெரிய விளையாட்டுக்காரன் எல்லே," என்று முகம் சுளிக்காமல் சொல்வாய்.

ஒரு சனிக்கிழமை காலை, உன்னை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு மைதானத்துக்குப் போக ஓட்டோவில் வந்தோம். பாலத்தடியில் மறித்தார்கள். கோல்ஃப் மட்டைகள் வைத்திருந்த நீளமான பை. என் அட்டையைப் பார்த்ததும் சிப்பாயின் முகம் மாறியது. "மேக்க மொகக்த?" என்றான், இது என்னவென்று. கோல்ஃப் என்றேன். அவன் நம்பவில்லை. முந்தின கிழமைதான் எங்கள் ஒழுங்கையில் ஒருவரை விசாரிக்க என்று கூட்டிப்போயிருந்தார்கள். அவர் இன்னும் திரும்பவில்லை. சிப்பாய் பையிலிருந்து இந்த மட்டையை உருவி என் கையில் தந்தான். "கஹலா பென்னன்ன!" அடித்துக் காட்டட்டாம்.

சிப்பாய் நீட்டிய துவக்குக்கு முன்னால் இரும்பை ஓங்குவதா? கை விலாவோடு ஒட்டிவிட்டது. அடிக்காவிட்டால் நான் பொய்யன். பாதியில் நின்றாலும் பொய்யன்தான்.

சாவடியில் நாம் வாய்திறந்து தமிழ் கதைப்பதில்லை. நீ ஓட்டோவை விட்டு இறங்கினாய். எல்லோருக்கும் கேட்கத்தான் கதைத்தாய்.

"இடுப்பால குனியுங்கோ. கயிறு உங்கட வலப்பக்கத்தில கிடக்கு."

குனிந்தேன். கயிறு தெரிந்தது, தாங்கிக் குழாயிலிருந்து சுவரடி வரைக்கும். மட்டை தோளுக்கு மேல் முழுதாக ஏறி முழுதாக இறங்கியது. சிப்பாய் பக்கத்தில் நின்றவனைப் பார்த்தான். பிறகு தானும் வெறுங்கையால் ஒரு அடி அடித்துப் பார்த்துச் சிரித்தான். "ஹரி, யன்ன," என்று போகவிட்டான். ஓட்டோ நகர்ந்த பிறகுதான் நீ என் பக்கம் கையை நீட்டினாய். ஆஸ்பத்திரி வரும்வரை அதைப் பிடித்துக்கொண்டே வந்தேன். அதற்குப் பிறகு என் பந்து நேராகப் போனது என்று எழுத ஆசைதான். அன்றைக்கும் பற்றைக்குள்தான் போனது.

பாலத்தடியில் இப்போது சாவடி இல்லை. ஆனாலும் சீருடையைக் கண்டால் முழங்கை தானாக விலாவுக்கு வரும். உடனே உன் கயிறும் வந்துவிடும், நான் தோளைத் தளர்த்திக்கொள்வேன். நன்றி என்பது நமக்குள் புழங்காத சொல். நீ கேட்டால் சிரிப்பாய். இருந்தாலும் சொல்கிறேன், நன்றி. நான் இன்று நிமிர்ந்து நடப்பது உன்னால்தான்.

போன ஆவணியில் உனக்கு வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். பெட்டிக்கு முன்னால் என் தோள் கூனி இறங்கியது. என் தம்பி தாங்கிப் பிடிக்க ஓடிவந்தான். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். வலப்பக்கத்தில் கயிறு இருந்தது. இடுப்பால் குனிந்து உனக்கு அரிசி போட்டேன். இறங்கின வழியாலேயே நிமிர்ந்தேன்.