பருந்துக்கூட்டின் அடியில் குடியிருப்பவர்கள்

அன்புள்ள எஸ்தர் அப்பாவுக்கு,

நீங்கள் கண்மூடிப் போன பிறகும் உங்கள் பருந்து கொல்லைப் புளியமரத்தில்தான் இருக்கிறது. அதன் கூட்டுச் சுள்ளிகளுக்கு அடியிலேயே சிட்டுக்குருவிகளும் கூடு வைத்திருக்கின்றன. மேலும் கீழும் எல்லாக் கூட்டிலும் இப்போது குஞ்சுகள். "அது குருவிய ஒண்ணும் செய்யாது, பாரேன்" என்பீர்கள். மாடியில் கொலைகாரனைக் குடிவைத்துக்கொண்டு கீழே பிள்ளை வளர்ப்பவர்களை எப்படி நம்புவது?

நீங்கள் யாரைத்தான் சந்தேகப்பட்டீர்கள்? நீங்கள் நம்புவீர்கள், நான் சந்தேகப்படுவேன். பந்தல்குடியில் நம் குடும்பம் அப்படித்தான் இத்தனை காலம் ஓடியது.

போன வாரம் என் கோழிக்குஞ்சுகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. பருந்து ஏமாறட்டும் என்று ஊரில் எல்லாரையும்போல ரோஸ் சாயத்தில் முக்கித்தான் விட்டிருந்தேன். பிறகு அடித்த காற்றில் ஒரு குருவிக்கூட்டின் ஓரம் பிய்ந்து விழுந்தது. பார்த்தால், வைக்கோலோடு ரோஸ் நிறப் பஞ்சு முடி! மேலே தின்ற மிச்சத்தைக் கீழே விரித்துப் படுத்திருக்கிறார்கள் என்று எனக்கு ஆத்திரமான ஆத்திரம்.

உங்கள் சித்தப்பா மகன் செல்வராசுவிடம் மரத்தை வெட்டச் சொன்னேன். மறுநாளே மரம் அறுக்கும் மிஷினோடு வந்து நின்றான். அவனுக்கு என்ன அவ்வளவு அவசரம்? மரவாடியில் முன்பே விலை பேசிவைத்திருப்பானோ?

அவன் மிஷினைக் கிளப்புவதற்குள் குருவிகள் எல்லாம் சேர்ந்து கத்தின. திரும்பினால், ஒரு கீரி என் ரோஸ் குஞ்சைக் கவ்விக்கொண்டு வேலிக்கருவையைப் பார்த்து ஓடுகிறது. பருந்து விசுக்கென்று இறங்கியது. கீரி குஞ்சைப் போட்டுவிட்டுப் புதருக்குள் மறைந்தது. நான் பாய்ந்து எடுத்துக்கொண்டேன். உயிர் இருந்தது.

அந்தப் பஞ்சு முடியா? குஞ்சு மூடுகிற பஞ்சாரத்தைச் சுற்றித் தினமும் உதிர்ந்து கிடப்பதுதான். குருவிகள் பொறுக்கியிருக்கும்.

ஆனால் பருந்து கீரியை விரட்ட வந்ததா, குஞ்சைப் பிடுங்க வந்ததா? நீங்கள் இருந்தால் யோசிக்காமல் பதில் சொல்வீர்கள். எனக்குத் தெரியவில்லை.

"என்ன மதினி, வெட்டவா வேணாமா?"

"வேணாம்யா. மிஷின எடுத்துட்டுப் போ."

"பருந்தப் போயி நம்புறீகளா?"

"நான் எங்க நம்புனேன்? அவுக நம்புனாக."

சொன்ன பிறகுதான் அழுகை வந்தது.

மரம் நிற்கும், இது சத்தியம். பஞ்சாரத்தின் மேல் கல்லை வைத்துவிட்டு, அந்தப் பருந்தை முறைத்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். நம்புகிற வேலையும் இப்போது என் தலையில்தான் விழுந்திருக்கிறது. மெதுவாகப் பழகிக்கொள்கிறேன்.

உங்கள் மனைவி,
எஸ்தர் அம்மா