மாப்பிள்ளை வெட்டாத வேலி

மாசி 18

வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. மூலனூரில் தவிடு ஒரு மூட்டை. பிறகு தீத்தடுப்புக் கூட்டம். தீயணைப்பு ஆபீஸர் என்னைப் பார்த்துத்தான் பேசினார், மற்றவர்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். விஷயம்: மேய்ச்சல் காட்டில் புல் காய்ந்து கிடக்கிறது, சுற்றிலும் கிளுவை முள்வேலி, பற்றினால் தீயணைப்பு வண்டி நுழைய முடியாது. வண்டி அகலத்துக்கு வேலியை வெட்டி வழி விட வேண்டும். போன வருஷம் டீக்கடையில் நான் சொன்ன யோசனை. எப்படியோ மேலே போயிருக்கிறது.

ரோட்டோரம் தங்கச்சி புருஷன், மாப்பிள்ளை பொன்னுசாமி காடு. அதைத் தாண்டி என் காடு. நடுவேலியை நான் வெட்ட வேண்டும், ரோட்டு வேலியை அவர். "மச்சான் வெட்டுனா நானும் வெட்டறேனுங்க" என்று சம்மதத் தாளில் முதல் கையெழுத்தே அவர்தான். கைதட்டல்.

மாசி 20

வெட்டிவிட்டேன். ஒற்றை ஆளாக, ஒரே காலையில். (கூலிக்கு வந்த ஆறுமுகம் கிளையை இழுத்துப் போட்டான், அவ்வளவுதான்.) லாரி என்ன, கப்பலே போகும். நாலு மாட்டுக்கும் மழை வரும்வரை இந்தப் புல்தான்.

வெட்டும் முன்பே வீட்டில் சொன்னது: "அவிய மொதல்ல வெட்டட்டுமுங்க."

பெண்களுக்கு எதிலும் சந்தேகம். மாப்பிள்ளைக்கு போன் போட்டேன். "நாளைக்கு ஆள் வருதுங்க மச்சான்."

பங்குனி 6

எரிந்துபோயிற்று. கையில் கொப்புளம், எழுத்து கோணல். ஓடைப் பக்கம் யாரோ பனியன் கம்பெனி வேஸ்ட்டைக் கொட்டிக் கொளுத்த, காற்று என் புல்லுக்குக் கொண்டுவந்துவிட்டது.

வண்டி சீக்கிரமே வந்தது, சொல்ல வேண்டும். வந்து ரோட்டில் நின்றது. ரோட்டு வேலி ஒரு முள் குறையாமல் அப்படியே. டிரைவர் அரிவாள் கேட்டார். மாப்பிள்ளை குறுக்கே வந்து நின்றார்.

"எங்கப்பன் வெச்ச வேலிங்க. வெட்டுனா நீங்க வந்து வளத்துவீங்களா?"

"கையெழுத்துப் போட்டீங்களே" என்றார் வண்டியோடு வந்த ஆபீஸர்.

"எல்லாரும் போட்டாங்க, போட்டேன். யாருங்க வெட்டுனாங்க? மச்சானுக்கு வேலை இல்லீங்க, வெட்டிட்டாரு."

அவர் காட்டை ஆடு துடைத்துவிட்டது. எரிய ஒன்றுமில்லை. தைரியம்.

பட்டா இடமாம், வெட்ட மேலே கேட்க வேண்டுமாம். ஆபீஸர் போனும் கையுமாக. ரோட்டிலிருந்து தண்ணீர் ஓஸ் எட்டவில்லை. பனை உயரத் தீ. வேப்பந்தழையால் பாதியை நானே அணைத்தேன். மீதிப் பாதி புல் முழுவதையும் தின்றது. மாடுகளை ஓட்டி வந்துவிட்டேன், அது ஒன்று.

மாப்பிள்ளை என் முகத்தைப் பார்க்கவில்லை.

பங்குனி 7

போட்டோ எடுக்க ஆபீஸர் வந்தார். கேட்டேன்: "கையெழுத்து வாங்கினீங்க, வந்து பாத்தீங்களா?"

"எங்க ரெக்கார்டுல உங்க ஊர்ல எல்லா வழியும் தெறந்தாச்சுங்க."

சொன்னேன்: "வெயில் காலத்துக்கு முன்னால காலி வண்டிய ஒருக்கா உள்ள ஓட்டிப் பாருங்க. முட்டுற இடம் தெரிஞ்சுபோகும்." அசந்துவிட்டார். நல்ல யோசனைங்க என்றார். எழுதிக்கொள்ளவில்லை.

பங்குனி 9

தவிடும் தீர்ந்தது. மாடு கத்துகிறது. வாசலில் டெம்போ நிறைய வைக்கோல், மேலே தங்கச்சி.

"எறக்கட்டுங்களாண்ணா?"

"அவரு அனுப்புனாரா?"

"அவருக்குத் தெரியாதுங்கண்ணா."

டெம்போக்காரனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. ஏற்றிவிட்டதே மாப்பிள்ளைதானாம். தங்கச்சி தலையைக் குனிந்துகொண்டாள்.

திருப்பிக்கொண்டு போ என்று கையைத் தூக்கினேன். அதற்குள் காரி மாடு, தாயில்லாமல் நான் பாட்டிலில் பால் கொடுத்து வளர்த்த காரி, கயிற்றை அறுத்துக்கொண்டு போய் வைக்கோலில் வாயை வைத்துவிட்டது.