சிப்போராவின் தம்புரான்

12.7.1977, செவ்வாய்

மழை. பிரசவ விடுதியில் இன்று ஒரே ஒரு பிரசவம், ஆண் குழந்தை. துடைத்துத் தாயிடம் கொடுத்துவிட்டுப் பின்கட்டில் போய் நின்றுகொண்டேன். என் பிள்ளை பிறந்த அன்றே போய் ஐந்து மாதம் ஆகிறது. மருந்து எடுத்துக் கொடுக்கும் சிப்போரா பின்னாலேயே வந்து சாயாவை நீட்டினாள்.

15.7.1977

எனக்கு ஜெபம் வரவில்லை. உபதேசியார் ஆசீர்வாதத்தின் மனைவி கிருபைக்கு ஜெபம் வரவில்லை! இதை இங்கே தவிர எங்கே எழுத? "தாவீது செஞ்ச பாவத்துக்கு அவன் பிள்ளையை அடிச்ச மாதிரி கர்த்தர் நம்ம பிள்ளையை அடிச்சிருக்கார். உன் பாவம் என்னன்னு யோசி" என்றார் அவர், பிள்ளை போனதும். அன்றிலிருந்து யோசிக்கிறேன். என்ன பாவம்?

28.7.1977

சிப்போராவிடம் கேட்டே விட்டேன். யூதத் தெருவில் பிறந்தவள், தாவீது அவளுடைய ஆள்.

"உங்க கடவுள் பெத்தவங்க பாவத்துக்குப் பிள்ளையை அடிப்பாரா?"

அவள் தூள் மருந்தை மடித்துக்கொண்டே தன் மலையாளம் கலந்த தமிழில் சொன்னாள்: "அப்படியும் எழுதியிருக்கு. அப்பன் பாவத்தை மகன் சுமக்க வேண்டாம்னு எசேக்கியேல் தீர்க்கதரிசி சொன்னதும் அதே புஸ்தகத்துலதான். ரெண்டும் வாயிக்கணும், கிருபே. பிள்ளைங்களைப் பறிகொடுத்த யோபு தம்புரானோட எத்தர சண்டை போட்டான்! கடைசியில தம்புரான் யாரோட கோபிச்சார்? உன் பாவம்தான்னு சொன்ன கூட்டுக்காரங்களோட."

பிறகு குரலைத் தாழ்த்தினாள். தங்கை செத்ததும் அவளும் தம்புரானோடு, தன் கடவுளோடு, பிணங்கினாளாம். ஐந்து வருஷம், அவர்களுடைய பெரிய நோன்பான பாவநிவாரண நாளில்கூட, காய்ச்சல் என்று அம்மாவிடம் பொய் சொல்லி அவர்கள் பள்ளிக்கு, அந்த ஜெப ஆலயத்துக்கு, போகவில்லையாம். "வேற ஆருக்கும் தெரியாது."

வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்கினேன்.

21.8.1977, ஞாயிறு

அவர் இன்று பிரசங்கத்தில், "யூதருடைய தேவன் கோபத்தின் தேவன், நம்முடையவர் அன்பின் பிதா" என்று ஆரம்பித்தார். அதற்குச் சாட்சியாக — ஐயோ — நம் ஊரிலேயே ஒரு யூதப் பெண், மருந்து கொடுப்பவள், தன் தேவனுக்குப் பயந்து ஐந்து வருஷம் ஆலயத்துக்கே போகாமல் ஒளிந்திருந்தாள் என்றார். தாய்க்குச் சொன்ன பொய்யைக்கூட விடவில்லை. சபையில் எல்லோரும் அவளோடு வேலை செய்கிற என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

பயந்து அல்ல. சண்டை போட்டு! அதைக்கூடச் சரியாகச் சொல்லவில்லை.

22.8.1977

"என் நோட்டை எடுத்துப் படிச்சீங்களா?"

"புருஷனுக்குத் தெரியாம உனக்கென்ன ரகசியம்? நாலு ஆத்துமா திருந்தட்டும்னுதான்."

"வீட்ல எனக்கு மட்டும் அடிக்கிற கடவுள். சபைக்கு அன்பான கடவுளா? பொய் சொன்னதுக்காக அனனியாவும் அவன் பொண்டாட்டியும் விழுந்து செத்தது எந்த ஏற்பாட்டுல இருக்கு? நம்ம புதிய ஏற்பாட்டுலதானே?"

"அந்த யூதச்சி உனக்கு இதையெல்லாமா சொல்லிக் கொடுத்தா?"

யாரும் சொல்லித் தரவில்லை. நானே படித்தேன்.

25.8.1977

விடுதி ஆயா சீனியம்மாள் எங்கள் சபைக்காரி. பிரசங்கத்தில் சொன்னது அவள் வழியாகச் சிப்போராவின் அம்மா வரைக்கும் போய்விட்டது. அம்மா இரண்டு நாளாக மகளோடு பேசவில்லையாம்.

நோட்டில் எழுதியதை அவர் படித்துவிட்டார் என்று சொல்லி மன்னிப்புக் கேட்கப் போனேன். சிப்போரா நிமிரவே இல்லை.

"பிரசங்கம் உன் மாப்பிள்ளையோடது. எழுதினது நீதான், அல்லே?"

மறக்கக்கூடாதென்றுதான் எழுதினேன், சிப்போரா. அவ்வளவு நல்லதாக அதற்குமுன் யாரும் எனக்கு எதையும் சொன்னதில்லை.

9.1.1979

சிப்போரா குடும்பத்தோடு இஸ்ரேலுக்குப் போய்விட்டாள். சீனியம்மாள் சொல்லித்தான் தெரியும். ஒன்றரை வருஷம் மருந்தை மேஜையில் வைத்துவிட்டுத் திரும்பிக்கொள்வாள். போகும்போதும் சொல்லவில்லை.

3.6.1980

கொச்சங்காடியில் மூட்டை தூக்குகிறவரின் மனைவி மாயம்மாள், போன வருஷம் ஞானஸ்நானம் எடுத்தவள். தலைப்பிரசவம். குழந்தை அழவே இல்லை.

ஜெபிக்க என் வீட்டுக்காரர் வேதாகமத்தோடு வந்தார். மாயம்மாள் அவரைப் பார்த்து, "நான் என்ன பாவம் செஞ்சேன் ஐயா?" என்றாள். அவர் வாயைத் திறந்தார்.

"நீங்க வெளிய நில்லுங்க" என்றேன்.

கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவரிடம் அப்படிச் சொன்னதில்லை. சீனியம்மாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். போய்விட்டார். கதவைச் சாத்தினேன்.

"நீ ஒரு பாவமும் செய்யல" என்றேன். மாயம்மாள் கர்த்தரைத் திட்ட ஆரம்பித்தாள், வாய்க்கு வந்தபடி. சீனியம்மாள் பதறிப்போய் அவள் வாயைப் பொத்தப் போனாள். நான் தடுத்து, மாயம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.