அம்மாவைப் பற்றி எழுத வேண்டிய இரண்டு பக்கம்

ஆரணி
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் டயானாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையில் நான் நன்றாக இருக்கிறேன், சுகர் கட்டுக்குள் இருக்கிறது, டப்ளின் குளிரில் நீயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். ஆய்வேடு எழுத உட்கார்ந்தாலே கை போனுக்குத்தான் போகிறது, மூன்று வாரமாக ஒரு பக்கம் நகரவில்லை என்று அன்றைக்கு அழுதாயே, இங்கே நானும் அப்படித்தான் கிடந்தேன்.

அம்மாவின் முதலாண்டுப் பூசையில் அவளைப் பற்றி வாசிக்க இரண்டு பக்கம் எழுதுகிறேன் என்று ஃபாதரிடம் ஒப்புக்கொண்டிருந்தேன். “என் மனைவி ஆரோக்கியசெல்வி முப்பத்தோரு வருஷம் டீச்சராக இருந்தாள்” என்று ஒரு வரி, அதற்கு மேல் பத்து நாளாக ஒன்றும் வரவில்லை. பக்கத்து வீட்டு விசைத்தறிச் சத்தம், வாட்ஸ்அப்பில் பழைய தபால் ஆபீஸ்காரர்களின் காலை வணக்கம், போதாததற்கு என்னோடு வேலை பார்த்த பொன்னுசாமி தினமும் வந்து “இன்னாடா, இன்னும் எழுதிகினேதான் கீறியா?” என்று கேட்டுவிட்டு மதியம் வரை உட்கார்ந்திருப்பான், ஒருநாள் அவன் மேல் எரிந்தே விழுந்துவிட்டேன். அம்மா எப்படி எழுதினாள் என்று நினைத்துப் பார்த்தேன். ஆண்டுவிழா நாடகம் முழுக்கச் சமையலறையில்தானே எழுதுவாள், பழைய வினாத்தாளின் பின்பக்கத்தில், மடியில் நீ, அடுப்பில் குக்கர். “மூணு விசில் வர்ற வரிக்கும் யாரும் என்னைக் கூப்பிடாதீங்க” என்பாள். கொஞ்சம் வளர்ந்ததும் நீ ராஜா மீசை வரைந்துகொண்டு உன் வசனம் எங்கே என்று நச்சரிப்பாய். மஞ்சள் கறை படிந்த அந்தத் தாள்கள் பீரோவில் இருக்கின்றன, எடுத்து முகர்ந்து பார்த்தேன்.

கடைசியில் போனை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போய்ப் பின் பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒரு சத்தமும் இல்லை. அப்படியும் அரை மணி நேரத்தில் மூன்று முறை தண்ணீர் குடிக்க எழுந்துவிட்டேன். குழாயடியில் நின்றபோதுதான் புரிந்தது, ஒவ்வொரு முறையும் அந்த ஆஸ்பத்திரி வியாழக்கிழமை நினைவுக்கு வந்ததும் எழுந்திருக்கிறேன். உனக்குச் சொன்னதில்லை கண்ணு, அம்மா போனபோது நான் பக்கத்தில் இல்லை, கீழே டீ குடித்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் போய் அதையே முதலில் எழுதினேன். பிறகு மற்றதெல்லாம் நிற்காமல் வந்தது, மதிய மணி அடித்ததுகூடத் தெரியவில்லை.

நேற்றுப் பூசையில் வாசித்தேன். கடைசி வரி வரை வாசித்து முடித்தேன். வெளியே வந்ததும் பொன்னுசாமி என் கையைப் பிடித்துக்கொண்டு, “நான்தானேடா உன்னை டீக்கு வா வான்னு இஸ்துகினு போனேன், ஒரு வருஷமா அத்த சொல்லத்தான் உன் வூட்டுக்கு வந்துகினு கீறேன், வாய் வரல” என்று தேம்பினான். அவனைக் கட்டிக்கொண்டேன். இருவருமாகக் கல்லறைக்குப் போய்ப் பூ வைத்துவிட்டு வந்தோம்.

உனக்குப் புத்தி சொல்ல இதை எழுதவில்லை. எந்த இடம் வரும்போது போனை எடுக்கிறாய் என்று மட்டும் ஒருமுறை பார், அங்கே என்ன இருக்கிறதோ அதைத் தப்போ சரியோ முதலில் எழுதிவிடு. காலையில் வெறும் வயிற்றோடு ஓடாதே. மாதா உன்னைத் தன் கைக்குள் வைத்துக் காக்கட்டும். அம்மாவைப் பற்றிய இரண்டு பக்கத்தையும் இதோடு வைத்திருக்கிறேன், வழியில் பிரிக்காதே, அறைக்குப் போய் உட்கார்ந்து படி.

உன் நினைவாகவே இருக்கும்
அப்பா
அடைக்கலசாமி