உங்கப்பாவுக்கு வந்த பதில்

சேசு மரி சூசை துணை

சேந்தமங்கலம்
14-9-1964

அன்பு மகள் செல்வமேரிக்கு அம்மா எழுதுவது. சர்வேசுரன் புண்ணியத்தில் இங்கே உயிரோடு இருக்கிறோம், பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் நான் இன்னும் கண்ணால் பார்க்காத பேரனும் சுகமாயிருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். எழுத்து கோணியிருக்கிறதே என்று பயப்படாதே சாமி. இதுவரை நான் சொல்லச் சொல்ல உங்கப்பாதான் எழுதினார், நான் எதைச் சொல்லி அழுதாலும் 'அனைவரும் நலம்' என்றுதான் எழுதியிருப்பார். கன்னியாஸ்திரிகளிடம் இரண்டாம் வகுப்பு படித்ததை வைத்துக்கொண்டு நாலு நாளாக இதை நானே எழுதுகிறேன்.

உங்கப்பாவுக்கு வலது கை விரல் மடங்கினால் நிமிர்வதில்லை, வெந்நீரில் வைத்து ஒவ்வொன்றாக நான்தான் பிரித்துவிடுகிறேன். எழுதுவதை நிறுத்தாவிட்டால் கையே போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். முன்கட்டில் இருக்கும் ஐயாவுக்கோ பார்வை போய் மூன்று வருடம் ஆகிறது, வருகிற தபாலை இவர்தான் படித்துக்காட்ட வேண்டும், பதில் எழுத வேண்டும், ஐயா பேரில் கையெழுத்தும் இவரே போட வேண்டும். நீ ஆனியில் இரண்டு பேரும் பிலாய்க்கே வந்துவிடுங்கள் என்று எழுதினாய் அல்லவா, வாயால் கேட்க மாட்டாமல், போக அனுமதி கேட்டு ஒரு கடிதம் எழுதி ஐயாவின் தபாலோடு தபாலாக வைத்தார். கஞ்சி கொண்டுபோன நான் கதவோரம் நின்று பார்த்தேன். யாரோ ஊரார் கடிதம் போல 'முப்பத்திநாலு வருடமாகத் தங்களிடம் பணிசெய்யும் அடியேன்' என்று ஆரம்பித்து 'இப்படிக்கு ஞானதாஸ்' வரைக்கும் நிறுத்தாமல் படித்தார். ஐயா தினமும் சொல்வது போலவே, 'பதில் எழுதப்பா' என்றார். கடிதம் கிடைத்தது, நான் கண் மூடும்வரை பொறுத்திருக்கவும் என்று சொன்னார். உங்கப்பா அதைப் பிழையில்லாமல் எழுதி, ஐயா பேரில் கையெழுத்துப் போட்டு, தன் பேருக்கே விலாசம் எழுதித் தபாலில் சேர்த்தார். மூன்றாம் நாள் தபால்கார ரங்கன் நம் பின்கட்டுக்கு வந்து, 'ஏனுங்கம்மா, முன்னூட்டுல இருந்து பின்னூட்டுக்கே தபாலுங்களா' என்று சிரித்தான், எனக்கு அவனை அறையலாம் போலிருந்தது. அதே கையால் போகலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் யாருக்குத் தெரியும் என்று இவரைக் கேட்டேன். 'ஐயா சொல்லாத ஒரு எழுத்த நான் எழுதுனதில்ல தெரசா' என்கிறார்.

முப்பத்திரண்டில் நீ பிறந்தபோது ஐயாவின் பேச்சை அச்சடித்துக் கொடுத்ததற்காக இவர் ஜெயிலில் இருந்தார். மாதம் ஒரு கடிதம்தான் விடுவார்கள், அதையும் ஐயாவுக்கே போட்டார். கார்த்திகை ஏழு, செவ்வாய்க்கிழமை. எனக்கு என்ன எழுதியிருக்கிறார் என்று கேட்க, பதினோரு நாள் பிள்ளையான உன்னைத் தூக்கிக்கொண்டு அன்றைக்குப் போய் நின்றேன், ஐயா வீட்டம்மா உள்ளே கூப்பிடாமல், 'உன்னையுந்தான் விசாரிச்சிருக்காரு, போ' என்று வாசலிலேயே அனுப்பிவிட்டாள். நான் மறக்கவில்லை. அந்த வெள்ளைக்காரன்கூட இவரைப் பதினெட்டு மாதத்தில் விட்டுவிட்டான்.

நீ ஐயாவுக்கு எழுதிவிடாதே. அதையும் உங்கப்பாவே படிப்பார், மாட்டேன் என்ற பதிலையும் அவரே எழுதுவார். தசராவுக்கு லீவு விடுவார்களே, பேரனைத் தூக்கிக்கொண்டு நேரில் வந்து ஐயா முன்னால் நின்று கேள். வாயால் கேட்டால் வாயால்தான் பதில் சொல்லியாக வேண்டும், அதற்கு உங்கப்பா கை வேண்டியதில்லை.

பேரனுக்கு அனுப்பிய, மாதா படம் தைத்த உத்தரியத்தைக் கழுத்திலிருந்து கழற்றாதே. பதிலைக் கோவில் தெரு சகாயம்மாள் விலாசத்துக்குப் போடு, இங்கே வரும் தபால் எல்லாவற்றையும் உங்கப்பா கைதான் முதலில் பிரிக்கும். மாதா உங்களைத் தன் முந்தானையில் வைத்துக் காப்பாற்றட்டும்.

உன் அம்மா
தெரசம்மாள்
இந்தக் கையெழுத்து நானே போட்டது.