மூன்று நாளில் மறைந்த பரு

மே 26
சகல ஜனங்களுக்கும் இதனால் அறிவிப்பது: இன்று காலை பதினொரு மணிக்கு, அடியேன் பல் துலக்கும் முன்பே, முகப்பருக் களிம்பு விற்கும் ஒரு கம்பெனி என்னைத் தேடி வந்துவிட்டது! குறும்பு வீடியோ போடும் ஆயிரம் பேரில் என்னைத்தான் பிடித்ததாம். களிம்பும் உண்டு, காசும் உண்டு.

சொல்லத்தான் ஆள் இல்லை. அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் இரட்டை ஷிப்ட். என் நண்பன் கொசு லீவுக்கு மாமா வீட்டுக்குப் பறந்துவிட்டான். சுவர்ப் பல்லியிடம் சொன்னேன். பெரிதாக மதிக்கவில்லை.

மே 28
ஒரு சிக்கல். எனக்குப் பரு இல்லை. கம்பெனி அக்காவிடம் போனில் சொன்னேன். "அதெல்லாம் உங்க திறமைதானே தம்பி!" விளம்பரம் என்று கீழே போடவா? "அய்யோ, போட்டா யாரு பாப்பாங்க? ஃப்ரெண்டு சொல்ற மாதிரி சொல்லுங்க."

சிவப்புப் பேனா, பசை, கொஞ்சம் பவுடர். பதினான்கு பருக்கள். மூன்று சட்டை மாற்றி மூன்று நாளாக்கினேன். மொத்தம் நாற்பது நிமிடம்.

ஜூன் 2
நாற்பதாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். பரு போய்ப் பெருமை வந்தது! சாப்பாடு மட்டும் தனியாக.

ஜூன் 5
கொசு போனில் பேசினான். வகுப்பில் அவன் பரு முகத்தை யார் கிண்டல் செய்தாலும் கூடச் சேர்ந்து சிரிப்பான். வீட்டில் கண்ணாடியைத் துணி போட்டு மூடி வைத்திருப்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.
"டேய், உனக்கு எப்படா பரு வந்துச்சு?"
"லீவுலதான்டா."
"நிஜமாவே போயிடுச்சா? விளையாடாம சொல்லு."
விளையாடாமல்தான் சொன்னேன். "ஆமாடா."

ஜூன் 13
பள்ளி திறந்தது. கொசு வரவில்லை.

ஜூன் 14
அவன் அக்கா என்னை வாசலிலேயே நிறுத்தினாள். கன்னமெல்லாம் வெந்த மாதிரி சிவந்து தோல் உரிகிறதாம். "நீ சொன்னேன்னுதான் ரெண்டு வேளையும் பூசினான்."

ஜூன் 15
பழைய வீடியோவை நீக்கிவிட்டுப் புதிதாக ஒன்று போட்டேன். காசு வாங்கினேன், பரு நானே வரைந்தது, யாரும் பூசாதீர்கள். பேனாவைக்கூடக் காட்டினேன்.

"செம நடிப்பு ப்ரோ!" "அழுற சீன் சூப்பர்!" ஒருவர் களிம்பு எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்கிறார். அய்யோ, நிஜமாத்தான் சொல்றேன்! ஒருத்தர்கூடவா நம்பல? இத்தனை நாளா இவங்கள நான் என்னத்துக்குப் பழக்கி வச்சிருக்கேன்?

ஜூன் 17
கொசுவே கதவைத் திறந்தான். முகமெல்லாம் வெள்ளை மருந்து.
"கேமரா எங்க?"
"இல்லடா."
"பையக் காட்டு."
பை, பாக்கெட், செருப்பு, எல்லாம் காட்டினேன். போனை அவன் அக்காவிடம் கொடுத்தேன். அவன் சிரிக்கவில்லை. கதவைச் சாத்தவும் இல்லை. படியில் அந்த ஓரம் அவன், இந்த ஓரம் நான்.
"எங்கிட்ட மட்டுமாவது சொல்லியிருக்கலாம்ல?"
 

வீட்டுக்கு வந்து இந்த நோட்டை முதலிலிருந்து படித்தேன். மே 26-இல் ஒரு திருத்தம். கம்பெனி என்னைத் தேடி வரவில்லை. நான்தான் பதினொரு கம்பெனிகளுக்குக் கெஞ்சி எழுதினேன். பதில் போட்டது இது ஒன்றுதான். யாருமே படிக்காத நோட்டிலும் விளம்பரம்தான் எழுதியிருக்கிறேன்.